அக்கா, அந்த விண்ணப்பத்தை அனுப்பாதே

குழு: கோமதி வீட்டுக் கல்யாணம்
ஞாயிறு, 1 மார்ச் 2026

வள்ளி (8:12): தாரிணியும் நானும் லண்டன் பயணத்துக்கு இ.டி.ஏ., அதாவது பிரிட்டன் போவதற்கான மின்னணுப் பயண அனுமதிக்கு, விண்ணப்பம் போட உட்கார்ந்திருக்கிறோம். செல்வம், உனக்கும் சேர்த்தே போட்டுவிடட்டுமா? பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு.

செல்வம் (8:14): அக்கா, நிறுத்து. எனக்குப் போடலாம். உனக்குப் போடாதே, தாரிணிக்கும் போடாதே. இப்போதுதான் கோவிலிலிருந்து வெளியே வந்தேன். மெட்ரோவில் ஏறியதும் எழுதுகிறேன்.

தாரிணி (8:15): என்ன மாமா ஆயிற்று? ஆளுக்குச் சில பவுண்டுதானே! அட்டை எண்ணைக்கூடப் போட்டுவிட்டேன்.

செல்வம் (8:31): வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அண்ணனை விமான நிலையத்தில் விடப் போயிருந்தேன். மகளுக்குப் பிரசவம் என்று மான்செஸ்டருக்குக் கிளம்பினார். இருபது வருடம் அங்கே வேலை பார்த்து, குடியுரிமையும் வாங்கியவர். அவருடைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட் 2019இலேயே காலாவதியாகிவிட்டது. அதற்குப் பிறகு நம் மொரிஷியஸ் பாஸ்போர்ட்டிலேயே போய் வந்துகொண்டிருந்தார், யாரும் ஒன்றும் கேட்டதில்லை. இந்த முறை கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டாள். எடைபோட வைத்த பெட்டியை அவரே கீழே இறக்கினார். உள்ளே பிள்ளைபெற்றவளுக்கு இடித்த பத்தியப் பொடி இருந்தது. வீடு திரும்பும் வரை காரில் மிளகு வாசனை. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோமதி (8:36): ஐயோ பாவம். செல்வம் அண்ணா சொல்வது சரி, இங்கே லண்டனிலும் இதே பேச்சுதான். பிப்ரவரி 25 முதல் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர் வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டை மட்டும் காட்டி விமானம் ஏற முடியாது. செல்லுபடியாகும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டும், இல்லாவிட்டால் வாழுரிமைச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்குக் கட்டணம் மிக அதிகம்! பாஸ்போர்ட் எடுப்பதே மேல். இ.டி.ஏ. வெளிநாட்டவருக்கு மட்டும்தான், சொந்தக் குடிமக்களுக்குக் கொடுப்பதில்லை.

வள்ளி (8:38): அதெல்லாம் சரி. எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஐந்து வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நான். 2012இல் போனபோதும் நம் பாஸ்போர்ட்தான்.

செல்வம் (8:44): நீ பிறந்தது லண்டனில், 1974இல். 1983 ஜனவரி 1க்கு முன் அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு, பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் குடியுரிமை உண்டு. வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் விலக்கு. அதன்பிறகுதான் சட்டம் மாறியது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும் என்றார்கள். நீ பாஸ்போர்ட் எடுக்கவில்லை என்பதால் குடியுரிமை போய்விடாது. எழுதிக் கொடுத்து நீயாகத் துறந்திருந்தால்தான் போகும்.

முருகேசன் (8:50): மாப்பிள்ளை, அப்படியானால் நீ?

செல்வம் (8:53): நான் 1981இல் இங்கே மொரிஷியஸில், ரோஸ் ஹில்லில் பிறந்தவன், அத்தான். அம்மாவும் அப்பாவும் மொரிஷியஸ் குடிமக்கள். எனக்கு அங்கே ஒன்றும் இல்லை, இ.டி.ஏ. தாராளமாக எடுக்கலாம். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு வழி.

தாரிணி (8:54): நான் 1999இல் பிறந்தது இங்கேதானே மாமா? அந்த ஊரில் காலே வைத்ததில்லை. எனக்கு ஏன் போடக் கூடாது?

செல்வம் (8:59): உன் அம்மா அந்த மண்ணில் பிறந்த குடிமகள். 1983க்குப் பிறகு அப்படிப்பட்ட தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை தானாகவே வந்துவிடுகிறது. அதற்குமுன் தந்தை வழியாகத்தான் வரும். உன் பிள்ளைகள் இங்கே பிறந்தால் பெரும்பாலும் அவர்களுக்கு வராது, உன்னோடு நின்றுவிடும்.

தாரிணி (9:01): இருபத்தாறு வருடமாக எனக்கு ஒரு நாடு சொந்தமாக இருந்திருக்கிறது, ஒருவரும் சொல்லவே இல்லையே!

முருகேசன் (9:05): ஒன்றும் சொல்லாமல் விண்ணப்பித்தால் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் வேறு குடியுரிமை உண்டா என்று படிவத்திலேயே கேட்டிருக்கிறது. தெரிந்தபின் இல்லை என்று எழுத எனக்கு மனம் வராது. வள்ளிக்கும் வராது.

வள்ளி (9:06): வராது.

பாட்டி (9:15): நான் பிரிட்டனுக்குப் போனது 1969இல். நம் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் அப்போது மனநல மருத்துவமனைகளுக்குத் தாதிகளாகப் போனோம். வள்ளி, நீ பிறந்த அன்று எனக்கு இரவுப் பணி, பாதியில் வலி எடுத்தது. சான்றிதழ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பிஸ்கட் டப்பாவில் வைத்தேன், டப்பாவைத்தான் தேட வேண்டும்.

கோமதி (9:20): பெரியம்மா, பெற்றோர் பெயர் இல்லாத சின்னச் சான்றிதழ் செல்லாது, முழுச் சான்றிதழ் வேண்டும். கிடைக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம், இங்கே பொதுப் பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கி நான் அனுப்புகிறேன்.

கோமதி (9:24): இன்னொன்று, வள்ளி அக்கா. இரண்டு பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உன் மொரிஷியஸ் பாஸ்போர்ட்டில் அத்தான் வீட்டுப் பெயர் இருக்கிறது, சான்றிதழில் பெரியப்பா பெயர் இருக்கும். அதனால் கல்யாணச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பு. தாரிணி தன் பிறப்புச் சான்றிதழோடு உன்னுடையதையும் காட்ட வேண்டும். முதல்முறை விண்ணப்பம், நாள் எடுக்கும். ஆடி பிறக்குமுன் என்று ஜூலை 4க்கு முகூர்த்தம் வைத்திருக்கிறோம், நீங்கள் இந்த வாரமே தொடங்கினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

முருகேசன் (9:27): பாஸ்போர்ட் படிவத்தில் விண்ணப்பிப்பவரின் அடையாளத்தை உறுதிசெய்ய ஒருவர் வேண்டுமாமே. உறவினராக இருக்கக் கூடாது, இரண்டு வருடமாவது தெரிந்தவராக இருக்க வேண்டும். என் பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கேட்கிறேன்.

செல்வம் (9:29): கேளுங்கள் அத்தான். வள்ளி அக்கா, பயண நாளில் இரண்டு பாஸ்போர்ட்டையும் கைப்பையில் வைத்துக்கொள். இங்கிருந்து கிளம்பவும் திரும்பி வரவும் நம்முடையது, விமானத்தில் ஏறவும் லண்டனில் இறங்கவும் அவர்களுடையது. டிக்கெட்டிலும் அதே பெயர் இருக்கட்டும்.

பாட்டி (10:02): கிடைத்துவிட்டது. தையல் மிஷின் அடியில் இருந்தது.

பாட்டி (10:03): [படம்]

கோமதி (10:05): முழுச் சான்றிதழேதான், பெரியம்மா! எல்லாக் கட்டமும் இருக்கிறது.

வள்ளி (10:11): தந்தையின் தொழில், பஸ் நடத்துநர். பிறப்பைத் தெரிவித்தவர் கட்டத்தில் அப்பா பெயர். அப்பா போய் இந்த சித்திரையோடு பதினோரு வருடம். இந்தத் தாளை நான் இதுவரை பார்த்ததே இல்லை.

பாட்டி (10:14): உன்னைப் பதிவு செய்துவிட்டு நேரே வேலைக்குப் போனார்.

வள்ளி (10:16): செல்வம், அதைத் தபாலில் அனுப்பாதே. நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

செல்வம் (10:17): மத்தியானம் வா அக்கா. சாப்பாடு இங்கே. பக்கத்து வீட்டு அண்ணனையும் கூப்பிடுகிறேன், அவருக்கும் புதுப்பிக்கும் விண்ணப்பம் போட வேண்டும்.

தாரிணி (10:18): அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன், மாமா. பணம் போகவில்லை. மடிக்கணினியை எடுத்துவருகிறேன்.