பெயரை மாற்றினாலும் ஆள் தெரிகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். முதுகலை சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு மாதம் தங்கி, பராமரிப்பு வேலை பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். முக்கியமான அத்தியாயம் அப்படியே நிற்கிறது.

நடவு வேலை குறைந்தபின் ஓர் அக்கா, பெரிய தெருவில் படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொள்ளப் போகிறார். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் அவர்தான். உள்ளறை வரை போகலாம். ஆனால் டீ மட்டும் கொல்லைப்பக்கம், திட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் தனி டம்ளரில். குடித்ததும் அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். என் ஆய்வே அந்த டம்ளரில்தான் இருக்கிறது.

“எழுது பாப்பா. ஆனா அந்த வீட்டுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்” என்கிறார்.

1951–53இல் தஞ்சாவூர்ப் பகுதியில் களப்பணி செய்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப், தான் ஆய்ந்த ஒரு கிராமத்துக்குக் ‘கும்பப்பேட்டை’ என்று மாற்றுப்பெயர் வைத்தார். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தன் கிராமத்தை ‘ஸ்ரீபுரம்’ என்றார். நானும் ஊர், பெயர் இரண்டையும் மாற்றினேன். பயனில்லை, இந்த வேலைக்குப் போவது ஊரில் அவர் ஒருவர்தான். இருவர் கதையைக் கலந்து எழுதினேன், பொய்யாகப் பட்டது. டம்ளரை எடுத்துவிடு என்கிறார் நெறியாளர். எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதக் கடைசியில் சமர்ப்பிக்க வேண்டும். களஆய்வு செய்தவர்கள் சொல்லுங்கள்: அக்காவின் வேலைக்கு ஆபத்து வராமல் அந்த டம்ளரை எப்படி எழுதுவது?