விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவை நான் பார்த்தது இரண்டே தடவை

முதல் தடவை 1972, நான் அப்போது ஐந்தாவது. மோட்டாருக்குக் கரண்ட் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள் என்று கோவை டவுனுக்குள் மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதில் எங்கள் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) வண்டியும் ஒன்று, என்னையும் ஏற்றிக்கொண்டார். மறியல் என்று தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, மாட்டை அவிழ்த்து நுகத்தடியைக் கீழே இறக்கிவிட்டால் ரோடு தானாக நின்றுவிடும். மாட்டுக்குச் சோளத்தட்டு, எங்களுக்குக் கட்டுச்சோறு. கூட்டத்தில் யாரோ "அதா பாரு, வையம்பாளையத்துக்காரரு" என்று கை காட்டினார்கள். வையம்பாளையம் நாயுடுவின் ஊர். பார்த்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாதிரி இருந்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

1970-லேயே கரண்டுக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்று விவசாயிகள் செத்துப்போனார்கள். ஒரு பைசாவுக்கா என்று டவுன்காரர்கள் கேட்பார்கள். கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக மோட்டார் ராத்திரி பகலாக ஓட வேண்டும், அந்த பில்லைக் கட்டிவிட்டுப் பருத்தி விற்ற காசில் என்ன மிஞ்சியது என்று எண்ணிப் பார்த்தவனுக்குத்தான் அந்த ஒரு பைசா தெரியும். சங்கத்தில் சூரியன்காரரும் இருந்தார், இலைக்காரரும் இருந்தார், யாரும் யாரையும் கேட்டதில்லை.

அப்புறம் 1982-ல் கட்சி ஆரம்பித்தார். அங்கேதான் கணக்கு மாறியது என்று நினைக்கிறேன். அப்பிச்சி சங்கத்துப் பச்சைத் துண்டு இல்லாமல் வெளியே போகமாட்டார், ஆனால் கட்சி என்றதும் "சங்கம் வேற, ஓட்டு வேற" என்று முடித்துவிட்டார். ஊரில் பாதிப்பேருக்கு அதே பேச்சு.

இரண்டாவது தடவை பார்த்தது 1984 தேர்தல் பிரசாரத்தில். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்த தேர்தல், வேறு யார் பேச்சு எடுபடும்? மனிதர் களைத்துப் போயிருந்தார். கூட்டம் முடிந்து போகிறபோது அப்பிச்சியைப் பார்த்துக் கும்பிட்டார், இவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பக் கும்பிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை.

டிசம்பர் 21, பிரசாரத்துக்குப் போன இடத்தில், கோவில்பட்டியில் இறந்துவிட்டார். அப்பிச்சி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. 24-ஆம் தேதி ஓட்டு. அதே பச்சைத் துண்டைப் போட்டுக்கொண்டு போய் இரட்டை இலைக்குக் குத்திவிட்டு வந்து, கட்டுத்தரையில் உட்கார்ந்து வெகுநேரம் மாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.