1.8 டர்போ எஞ்சின்: என்249 வால்வை பைபாஸ் செய்யலாமா?

சக்கரம்:
ஆக்டேவியா 1.8 டர்போ வைத்திருக்கிறேன். இன்டேக் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) அடியில் ஓடும் வேக்யூம் ஹோஸ்கள் வெடித்து ஐடில் ஆடுகிறது. என்249 சோலனாய்டை (டைவர்ட்டர் வால்வை ஆளும் மின் வால்வு) விட்டுவிட்டு, மேனிஃபோல்டிலிருந்து டைவர்ட்டர் வால்வுக்கு (த்ராட்டில் மூடும்போது டர்போவின் மிகை அழுத்தத்தைத் திருப்பிவிடுவது) நேராக ஒரு ஹோஸ் போடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

நேர்வழி:
தாராளமாக. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் மூடி மேனிஃபோல்டில் வேக்யூம் வருகிறது. டைவர்ட்டர் திறக்க அதுவே போதும். என்249-க்கு கரண்ட் வராதபோதும் டைவர்ட்டர் மேனிஃபோல்டோடுதான் சேர்ந்திருக்கிறது. மற்ற வேக்யூம் டப்பா, ஹோஸ், டி-ஜாயின்ட் எல்லாம் கசிவதற்கான இடங்கள்.

மூலக்காரணம்:
அந்த டப்பா வேக்யூமைச் சேர்த்து வைக்கிறது நண்பரே. பூஸ்ட் (டர்போ தரும் அழுத்தம்) எல்லை மீறினால், மேனிஃபோல்டில் அழுத்தம் இருக்கும்போதே ஈசியு (எஞ்சினை ஆளும் கணினி) டைவர்ட்டரைத் திறக்க அதுதான் வழி. பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டை ஆளும் என்75 வால்வு பழுதானால் என்ன செய்வீர்கள்? பழைய ஹோஸை மாற்றினால் தீரும் வேலைக்கு ஏன் ஒரு பாதுகாப்பை எடுக்க வேண்டும்?

நேர்வழி:
எலெக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டியில் ஈசியு த்ராட்டிலையே மூடிவிடும். பாதுகாப்பு போய்விடவில்லை.

மூலக்காரணம்:
ஒன்று குறைகிறது. அதைத்தான் சொல்கிறேன்.

பட்டறைக்காரன்:
என்249 பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். "தேவையில்லாத வால்வு" என்று பட்டியலை நீட்டுவதுதான் எனக்குப் பயம். பிரேக் பூஸ்டர் ஹோஸில் உள்ள செக் வால்வை (ஒருவழி வால்வு)த் தொடவே கூடாது. அது இல்லாவிட்டால் டர்போ அழுத்தம் பூஸ்டருக்குள் புகுந்துவிடும். பிரேக் பெடல் கல்லாக இறுகும். கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி அறை) காற்றோட்டப் பாதையில் இருக்கும் செக் வால்வும் அப்படித்தான். அதை எடுத்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி சீல் வழியாக ஆயில் கசியும். டர்போ இல்லாத எஞ்சினில் பழகிய ஆட்கள், மேனிஃபோல்டில் எப்போதும் வேக்யூம்தான் என்று நினைத்து இங்கே கோட்டை விடுகிறார்கள்.

சக்கரம் சார், பைபாஸ் செய்தாலும் என்249-இன் கனெக்டரைக் கழற்றாதீர்கள், செக் எஞ்சின் விளக்கு எரியும். காலியாகும் நிப்பிள்களுக்கு மூடி போட்டு கிளாம்ப் இறுக்குங்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒரு ஸ்மோக் டெஸ்ட் (புகை செலுத்திக் கசிவைக் கண்டுபிடிப்பது). ஐடில் ஆடுவதற்குக் காரணம் வேறு ஹோஸாக இருந்தால் இந்த பைபாஸால் பயனில்லை.

நேர்வழி:
செக் வால்வு விஷயத்தில் முழு உடன்பாடு. என்249-ஐ மட்டும் நான் எடுக்கத்தான் சொல்வேன்.

சக்கரம்:
சரி, முதலில் ஸ்மோக் டெஸ்ட். வெடித்த ஹோஸ்களை மாற்றிவிட்டு அப்புறம் பார்க்கிறேன்.