ஹில் ஃபிகர் என்பதற்குக் ‘குன்றுரு’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

இங்கிலாந்தின் தென்பகுதிக் குன்றுச் சரிவுகளில் புல்தரையை வெட்டி அமைத்த, ஆங்கிலத்தில் ‘ஹில் ஃபிகர்’ எனப்படும் பேருருவங்களுக்குத் தமிழில் ‘மலை ஓவியம்’, ‘சுண்ணாம்புச் சித்திரம்’ என்று இரண்டு பெயர்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. அவ்வுருவங்கள் எவ்வாறு உண்டாயின, எவ்வாறு இன்றுவரை அழியாமல் நிற்கின்றன என்பதைப் பார்த்த பிறகே பெயர் சூட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆக்ஸ்ஃபோர்டுஷயரிலுள்ள அஃபிங்டன் வெள்ளைக் குதிரையையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 110 மீட்டர் நீளமுள்ள அக்குதிரை, தொலைவிலிருந்து காண்போருக்கு வெள்ளை பூசியதுபோல் தோன்றினாலும், உண்மையில் சரிவில் பள்ளம் தோண்டி, அதற்குள் வெண்சுண்ணத்தை (‘சாக்’ எனும் மென்மையான வெண்பாறையை) இடித்து நிரப்பி உருவாக்கப்பட்டது. கி.பி. 871இல் டேனியரை வென்ற ஆல்ஃபிரெட் மன்னரின் நினைவாக அது வெட்டப்பட்டது என்று 1738இல் பழம்பொருள் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் வைஸ் எழுதினார்; அக்கருத்து நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது. 1990களில் நடந்த ஆய்வுதான் அதை மாற்றியது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்பதைக் கணிக்கும் ஒளிர்வு முறையில், குதிரையின் காலம் கி.மு. 1380க்கும் 550க்கும் இடைப்பட்டது எனத் தெரியவந்தது.

இக்கணிப்பின் உட்பொருள் வியப்புக்குரியது. வெட்டிய இடத்தைக் கவனிக்காமல் விட்டால் சில பத்தாண்டுகளிலேயே புல் மூடிவிடும்; அப்படியிருக்க, அரசும் சமயமும் மொழியும் பலமுறை மாறிய அந்நிலத்தில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளாகத் தலைமுறைதோறும் யாரோ வந்து களை நீக்கிச் சுண்ணம் இட்டு வந்திருக்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அப்பணி விளையாட்டுப் போட்டிகளோடு கூடிய ஊர்த் திருவிழாவாகவே நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது செர்மானிய விமானங்களுக்கு அடையாளமாகிவிடக் கூடாதென்று குதிரையை மூடி மறைத்தார்கள். போருக்குப் பின் மீண்டும் வெளிப்படுத்தினார்கள். இன்று அதைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுக் காப்பு அறநிறுவனம், தலையும் கழுத்தும் ஒடுங்கிவிட்டிருந்ததைக் கண்டு அண்மையில் அவற்றைச் சீர்செய்தது.

டார்செட்டிலுள்ள செர்ன் அபாஸ் பூதவுருவின் கதை வேறு. கையில் தண்டேந்தி நிற்கும் அந்த 55 மீட்டர் உயர ஆடவனைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று, 1694ஆம் ஆண்டு அவ்வூர்த் தேவாலயக் கணக்கில் பழுதுபார்க்கும் செலவாக எழுதப்பட்ட 3 ஷில்லிங். வரலாற்றுக்கு முற்பட்டது என ஒரு சாராரும், பதினேழாம் நூற்றாண்டின் கேலிச்சித்திரம் என மற்றொரு சாராரும் வாதிட்டுக்கொண்டிருக்க, 2021இல் வெளியான ஒளிர்வுக் கணிப்பு கி.பி. 700க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டி இரு தரப்பையும் மறுத்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘ஓவியம்’ என்றால் தீட்டியது என்றே நம் வாசகர் கொள்வார். தமிழ்த் தொல்லியலில், விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் இருப்பவை பாறை ஓவியங்கள், அதே மாவட்டத்துப் பெருமுக்கல்லில் இருப்பவை பாறைக் கீறல்கள் என்று தீட்டியதையும் கீறியதையும் நாம் பிரித்தே வழங்குகிறோம். அந்த வேறுபாட்டை இங்கே கைவிடுவது முறையன்று. ‘சுண்ணாம்பு’ என்பதைப் பெயருக்குள் வைப்பதும் பொருந்தாது. சசெக்ஸிலுள்ள வில்மிங்டன் நெடுமனிதனின் எல்லைக்கோட்டை 1874இல் செங்கற்களால் குறித்தார்கள். இன்று அங்கே இருப்பவை வெள்ளையடித்த கான்கிரீட் கட்டிகள். வெஸ்ட்பரி வெள்ளைக் குதிரையும் கான்கிரீட் பூசப்பட்டதுதான். பெயர் எல்லாவற்றையும் தழுவ வேண்டுமானால் ஆக்கப் பயன்பட்ட பொருளைவிட இடத்தையே அது சுட்ட வேண்டும்.

ஆகவே ‘குன்றுரு’ என்பதை முன்மொழிகிறேன். குன்றின் உரு என விரியும் இத்தொகைச்சொல் சிறியது; ‘குன்றுருக்கள்’, ‘குன்றுரு ஆய்வு’ என எளிதில் நீளவும் செய்யும். வெண்சுண்ணத்தால் ஆனதைத் தனித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘சுண்ணக் குன்றுரு’ எனலாம். பெரு நாட்டின் பாலைத் தரையில் கீறப்பட்ட நாஸ்கா கோடுகளையும் உள்ளடக்கும் பொதுவகைக்கு ‘நிலவுரு’ என்று ஒருவர் பரிந்துரைத்தார். அது நிலவின் உருவோ என மயங்க இடம் தருவதால் ‘தரையுரு’ மேல் என்பேன்.

களை நீக்கி வெண்மையை மீட்கும் பணிக்குத் ‘தூய்மைப்படுத்தல்’ என்று எழுதினால் அதன் தொடர்ச்சியும் பரிவும் புலப்படுவதில்லை. விளக்கையும் பாத்திரத்தையும் நாம் துலக்குவதுபோல, மங்கியதை மறுபடி ஒளிபெறச் செய்வதே அங்கும் நடப்பதால், அதற்குத் ‘துலக்கல்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். புதிய சுண்ணத்தை இடித்துச் சேர்ப்பது தனிச்செயல் என்பதால் அதற்குச் ‘சுண்ணமிடல்’ போதும். ‘குன்றுரு’வில் எவருக்கேனும் மறுப்பிருந்தால், வில்மிங்டனுக்கும் அஃபிங்டனுக்கும் ஒருசேரப் பொருந்தும் மாற்றுச் சொல்லோடு எழுத வேண்டுகிறேன்.