இடுப்புச் சுற்றளவு: 90, 94, 102 – எங்கள் ஆட்களுக்கு எந்த எல்லை?

களுவாஞ்சிகுடி வாசகி:
அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு 43 வயது. உயரம் 165 சென்ரிமீற்றர், நிறை 62 கிலோ. உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி (BMI) 22.8, அதாவது இயல்பு என்பதால் வீட்டில் எவரும் கவலைப்படவில்லை. அண்மையில் கிளினிக்கில் அவரது இடுப்பை அளந்த தாதி, 93 சென்ரிமீற்றர் என்பது கூடுதல், இரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இணையத்தில் ஆண்களுக்கான எல்லை ஓரிடத்தில் 102 என்றும், இன்னோரிடத்தில் 94 என்றும், வேறோரிடத்தில் 90 என்றும் இருக்கிறது. அண்ணன் 102ஐக் காட்டிப் பரிசோதனைக்குப் போக மறுக்கிறார். எங்கள் அப்பா 54 வயதில் மாரடைப்பால் இறந்தவர் என்பதால் எனக்கு மனம் ஆறவில்லை. எதை ஏற்றுக்கொள்வது?

கல்முனை மருத்துவர்:
தங்கச்சி, மூன்று எண்களும் சரியானவைதான். ஆனால் வெவ்வேறு மக்களுக்கு உரியவை. 102 அமெரிக்க வழிகாட்டல்களில் வருவது, 94 ஐரோப்பியருக்கானது. தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2005இல் வகுத்தது. அண்ணனுக்குப் பொருந்துவது இந்த 90தான்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. ஒரே நிறையும் உயரமும் உள்ள ஐரோப்பியர் ஒருவரையும் நம்மவர் ஒருவரையும் ஒப்பிட்டால், பொதுவாக நம்மவரின் உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கும். அந்தக் கொழுப்பும் கை கால்களைவிட வயிற்றறைக்குள், குடலைச் சுற்றியே அதிகம் சேரும். அங்கிருந்து வெளியேறும் கொழுப்பமிலங்கள் ஈரலை நேராகச் சென்றடைவதால் இன்சுலினின் வேலை தடைப்படுகிறது, இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு ஏறுகிறது, நல்ல கொலஸ்ட்ரோல் இறங்குகிறது. தராசு இதைக் காட்டாது. லண்டனில் குடியேறிய தெற்காசியரிடம் இதய நோய் ஏன் மிகுதி என்று ஆராய்ந்தவர்கள் 1991இலேயே வயிற்றுப் பருமனையும் இன்சுலின் தடையையும் சுட்டிக்காட்டினார்கள். அப்பாவின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால், அண்ணன் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

அக்கரைப்பற்று சுகாதார ஊழியர்:
மருத்துவர் சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் அளந்த இடத்தையும் கேட்டறியுங்கள். காற்சட்டையின் அளவை இடுப்பளவாகச் சொல்பவர்களையும், தொப்பைக்குக் கீழே சாறம் கட்டும் இடத்தில் நாடாவைப் பிடிப்பவர்களையும் நான் அடிக்கடி காண்கிறேன். இரண்டும் உண்மையைக் குறைத்துக் காட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, நாடாவைத் தரைக்குச் சமாந்தரமாகப் பிடித்து, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். தடித்த உடைக்கு மேலாக அளக்கக் கூடாது. வயிற்றை உள்ளிழுக்கவும் கூடாது.

மட்டக்களப்பு வாசகர்:
ஒரு விடயத்தை வலியுறுத்த விரும்புகிறேன். 90 என்பது வேலி அல்ல. 89இல் இருப்பவர் பாதுகாப்பாகவும் 91இல் இருப்பவர் ஆபத்திலும் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது, ஏனெனில் சுற்றளவு ஏற ஏற ஆபத்தும் படிப்படியாகவே ஏறுகிறது. இலங்கை உட்பட 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் 2005ஆம் ஆண்டுக் கட்டுரை, மாரடைப்புடன் உடற்திணிவுச் சுட்டியைவிட இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள விகிதமே வலுவாகத் தொடர்புபட்டிருப்பதைக் காட்டியது. ஆகவே பிட்டச் சுற்றளவையும் அளந்து வையுங்கள். உயரத்தையும் கணக்கில் எடுக்கும் எளிய வழி, இடுப்பு உயரத்தின் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது. பிரித்தானிய வழிகாட்டலும் 2022இலிருந்து இதைப் பரிந்துரைக்கிறது. உங்கள் அண்ணனுக்கு அந்தப் பாதி 82.5. 90 என்று பார்த்தாலும் உயரத்தின் பாதி என்று பார்த்தாலும் அவர் எல்லையைத் தாண்டியே இருக்கிறார். அவர் புகைப்பவரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். புகைத்தலால் வரும் ஆபத்தை நாடா அளக்காது.

களுவாஞ்சிகுடி வாசகி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்ன முறைப்படி நேற்று மாலை மீண்டும் அளந்தோம்; 92 வந்தது. உயரத்தின் பாதி என்ற கணக்கைக் கேட்ட பிறகு அண்ணன் மறுப்பேதும் சொல்லவில்லை. என்னென்ன பரிசோதனைகள் தேவை?

கல்முனை மருத்துவர்:
வெறும் வயிற்றில் குருதிச் சீனியும் கொழுப்பு வகைகளும், அவற்றுடன் குருதி அமுக்கமும். அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்ததை அங்குள்ள வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உங்கள் இடுப்பையும் அன்றே அளந்துகொள்ளுங்கள், தங்கச்சி.