புதுப்பிப்பு: ஜிபிஇசட் 750 டர்போவின் நாக்கிங் நின்றது

என் 1984 கவாசாகி ஜிபிஇசட் 750 டர்போ பைக்கைப் பற்றிப் போன மாதம் புலம்பியிருந்தேன். ஆக்சிலேட்டரைத் திருகிப் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறியதும் எஞ்சினுக்குள் 'டிக் டிக்' என்று நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடிக்கும் சத்தம். பெட்ரோலைத்தான் சந்தேகப்பட்டேன். அது இல்லை.

முன்பு வைத்திருந்தவர் பிக்கப் தட்டின் (தீப்பொறி விழும் நேரத்தைச் சொல்லும் சென்சார் இருக்கும் தட்டு) துளைகளை அரத்தால் ராவி, டைமிங்கை முன்னே தள்ளியிருக்கிறார், அதாவது தீப்பொறி சீக்கிரமே விழும்படி. டர்போ இல்லாத வண்டியில் அந்த வித்தை கொஞ்சம் பலிக்கலாம். இதில் கம்ப்ரஷனை (பிஸ்டன் கலவையை அமுக்கும் விகிதம்) 7.8:1 என்று குறைத்து வைத்ததே, டர்போ திணிக்கும் காற்றைத் தாங்கத்தான். பூஸ்ட்டில் கலவை அடர்த்தியாகி வேகமாக எரியும். தீப்பொறி சீக்கிரம் விழுந்தால் பிஸ்டன் மேலே வரும்போதே அழுத்தம் எகிறிவிடும். பிளக் பீங்கானில் பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியத் துணுக்குகள் மிளகுத்தூள் தூவிய மாதிரி ஒட்டியிருந்தன. வயிறு கலங்கிவிட்டது.

சரி என்று டைமிங் லைட் பிடித்து, ஐடிலிங்கில் எஃப் குறி (தீப்பொறி விழ வேண்டிய இடத்தைக் காட்டும் குறி) நேராக வரும்வரை தட்டை நகர்த்தினேன். திருகை இறுக்கும்போது தட்டு மயிரிழை விலகுகிறது, சனியன்! மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது.

கீழ் ஆர்பிஎம்மில் இழுவை லேசாகக் குறைந்த மாதிரி இருக்கிறது. சத்தம் சுத்தமாக இல்லை. கம்ப்ரஷன் டெஸ்ட்டில் நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டியதால், பிஸ்டனைப் பார்க்க ஹெட்டை (சிலிண்டரின் மேல் மூடி) கழற்றும் வேலையை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.