ஃபோர்ஸ் கார்பனேஷன் (சிலிண்டரிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பானத்தில் கரைப்பது): தமிழில் என்ன சொல்வது?

> "கட்டாயக் கார்பனேற்றம்" என்றே வைத்துவிடலாமே?

ஐயா, இங்கே யாரும் எதையும் கட்டாயப்படுத்துவதில்லை. நொதித்து வடிகட்டிய ஜிஞ்சர் பீரை (இஞ்சிப் பானம்) கெக்கில், அதாவது அழுத்தம் தாங்கும் உலோகக் கலத்தில், ஊற்றி, 3 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்து, சிலிண்டரிலிருந்து 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வாயு கொடுத்து ஒரு வாரம் விட்டால் போதும். ஒரு லிட்டர் பானத்தில் சுமார் 2.5 லிட்டர் வாயு, அதாவது 5 கிராம், தானாகவே கரைந்துவிடும். "அழுத்த வளியூட்டல்" என்பதும் சரிவராது. சர்க்கரை போட்டு மூடிய பாட்டிலில் ஈஸ்ட் உண்டாக்கும் வாயுவும் அழுத்தத்தில்தான் கரைகிறது. வாயு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு. ஆகவே புறவளியூட்டல், அகவளியூட்டல் என்கிறேன்.

———

> புறவளியூட்டல்

"வளி" இடிக்கிறது. நொதிக்கும் முன் ஈஸ்டுக்கு ஆக்சிஜன் கிடைக்கச் சாற்றைக் குலுக்குவதும் வளியூட்டல்தானே? பாட்டிலில் அடைக்கும்போதோ காற்றே பகை, சுவை கெட்டுவிடும். சோடாக்காரர்கள் "கேஸ் ஏத்துறது" என்பார்கள். அதையே வாயுவேற்றல் ஆக்கலாம். ஏற்றுவது என்றாலே வெளியிலிருந்துதான், "புற" தேவையில்லை. ஈஸ்ட் செய்வதற்கு வாயுவிளைவு.

> பாட்டிலில் அடைக்கும் கருவி: எதிரழுத்த நிரப்பி

"எதிர்" என்றால் ஒன்றையொன்று தள்ளுவதுபோல் இருக்கிறது. நடப்பது வேறு. குளிர்ந்த பாட்டிலில் குழாயை அடிவரை இறக்கி, ரப்பர் அடைப்பானை அழுத்தி, முதலில் வாயுவை விட்டுக் காற்றை வெளியேற்றுகிறோம். பிறகு வெளித்திருகை, அதாவது வாயு வெளியேறும் வழியின் திருகை, மூடி, பாட்டிலின் அழுத்தத்தைக் கெக்கின் அழுத்தத்துக்கு ஏற்றுகிறோம். இப்போது பானத்தின் வழியைத் திறந்தாலும் ஒரு சொட்டு வராது. வெளித்திருகை மயிரிழை தளர்த்தினால் அடியிலிருந்து நுரையின்றி ஏறும். சற்றுக் கூடுதலாகத் திருகினால் கழுத்துவரை வெறும் நுரைதான். சமவழுத்த நிரப்பி என்பதே பொருந்தும்.

———

வாயுவேற்றல், சமவழுத்த நிரப்பி இரண்டும் சரி. நுரைக்கு மட்டும் இரண்டு சொல் வேண்டும். குழாயை உருவியதும் வாய்வரை எழும் நுரை நல்லது. மிச்சக் காற்றைத் தள்ளிவிடும், அதன்மேலேயே மூடி போட வேண்டும். இது நுரைமூடல். திறந்ததும் பீய்ச்சியடிப்பது வேறு: பாட்டில் சூடாக இருந்திருக்கும், இஞ்சி நார் தங்கியிருக்கும், அல்லது உயிருள்ள ஈஸ்ட் மிஞ்சிய சர்க்கரையைத் தின்றிருக்கும். இதைச் சீறல் எனலாம். கடைசிக் காரணமானால் பாட்டிலே வெடிக்கலாம். அழுத்தம் தாங்கும் கண்ணாடியில் அடைத்து, குளிர்பெட்டியிலேயே வைக்கவேண்டும் என்ற குறிப்பு சொற்பட்டியலில் சீறலுக்கான பதிவிலேயே இருக்கட்டும்.